சைக்கிள் வழிக் கணக்கு: ஒரு சிறு விளக்கவுரை

இரண்டு ஊர்களுக்கு இடையே சைக்கிளில் போகச் சிறந்த வழி எது என்று கேட்டால், யாருடைய முழங்காலுக்கு என்று திருப்பிக் கேட்காமல் விடை சொல்ல முடியாது. பிரௌட்டர் அப்படிக் கேட்கும் மென்பொருள். ஜெர்மனியில் உருவான இந்தக் கட்டற்ற மென்பொருள், சிக்னல் இல்லாத மலைச்சரிவிலும் கைபேசிக்குள்ளேயே வழியைக் கணக்கிட்டுவிடும். அதற்கென்று தனி வரைபடத் திரை கிடையாது. ஓஸ்மாண்ட், லோகஸ் போன்ற வரைபடச் செயலி ஒன்றை நிறுவி, அதன் வழிகாட்டல் அமைப்பில் பிரௌட்டரைத் தேர்ந்தெடுத்தால் இணைப்பு முடிந்தது. கடினமான பகுதி அதற்குப் பிறகுதான்.

முதலில் நிலம். பிரௌட்டர் உலகத்தை ஐந்து பாகைக்கு ஐந்து பாகை என்ற கட்டங்களாக வெட்டி வைத்திருக்கிறது. வேண்டிய கட்டத்தைத் தொட்டு இறக்கிக்கொள்ள வேண்டும். மாநில எல்லையோ மாவட்ட எல்லையோ இந்தக் கட்டங்களுக்குத் தெரியாது. கிழக்கு 80 பாகைக் கோடு செங்கல்பட்டை ஒட்டி அதன் கிழக்கே போகிறது. ஆகவே சென்னை ஒரு கட்டத்திலும் புதுச்சேரி இன்னொன்றிலும் இருக்கின்றன. வடக்கு 10 பாகைக் கோடு சமயநல்லூருக்கும் வாடிப்பட்டிக்கும் நடுவே குறுக்கிடுவதால், மதுரையிலிருந்து கொடைக்கானல் ஏறுபவருக்கும் இரண்டு கட்டங்கள் தேவை. மதுரைக்குரிய கட்டத்தில்தான் கொழும்பும் இருக்கிறது. கண்டி அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறது. தமிழ்நாடு முழுக்கச் சுற்ற நினைப்பவர் மூன்று கட்டங்களை எடுத்து வைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் சாலையே இல்லை என்றுதான் மென்பொருள் நினைக்கும்.

அடுத்தது செலவு. பணச் செலவு இல்லை, பாடு. ஒவ்வொரு சாலைக்கும் ஒரு பெருக்கெண் உண்டு. மென்பொருளோடு வரும் பொதுச் சைக்கிள் விதித்தொகுப்பில், சைக்கிள் தடம் என்று குறிக்கப்படாத முதன்மைச் சாலைக்கு அது 3; சிறிய ஊர்ச்சாலைக்கு 1.1. அதாவது முதன்மைச் சாலையில் ஒரு கிலோமீட்டர் போவதும் ஊர்ச்சாலையில் இரண்டே முக்கால் கிலோமீட்டர் போவதும் ஏறக்குறைய ஒன்று. படிக்கட்டுக்கு 40. பத்தாயிரம் என்றால் அந்தப் பக்கமே போகாதே என்று பொருள். லாரி உரசிப் போகும் அச்சத்தை இப்படி எண்ணாக்கி வைத்திருப்பதை நான் பெரிய அறிவுச் செயலாகவே மதிக்கிறேன். சுற்றுவழி ஏன் நல்ல வழி என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

மேடு பள்ளக் கணக்கு இன்னும் நுட்பமானது. இதே விதித்தொகுப்பில் ஏற்றத்துக்குச் செலவு சுழியம், இறக்கத்துக்குத்தான் செலவு. முதல் பார்வைக்குத் தலைகீழாகத் தெரியும். ஆனால் புறப்படும் ஊரும் சேரும் ஊரும் மாறாதபோது, மொத்த ஏற்றத்திலிருந்து மொத்த இறக்கத்தைக் கழித்தால் எந்த வழியில் போனாலும் ஒரே எண்தான் வரும். ஆகவே ஒன்றை மட்டும் எண்ணினால் போதும். தவிர, மெல்லிய சரிவில் இறங்கும்போது ஏறிய உழைப்பு நமக்குத் திரும்பக் கிடைக்கிறது. செங்குத்துச் சரிவில் அது பிரேக் கட்டையில் சூடாகிப் போய்விடுகிறது. அதனால் நூற்றுக்கு ஒன்றரை என்ற சரிவை மிஞ்சி இழக்கும் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 60 மீட்டர் தூரம் கூட்டப்படுகிறது. ஐந்து கிலோமீட்டரில் 300 மீட்டர் சீராக இறங்கும் பாதையில் 75 மீட்டர் இறக்கம் இலவசம். மிச்சம் 225 மீட்டருக்குப் பதின்மூன்றரை கிலோமீட்டர் கூடும். பெட்டிகளைக் கட்டிக்கொண்டு ஏறுபவருக்கு மட்டும் இது போதாது. மெதுவான ஏற்றத்தையும் நெட்டுக்குத்தலான ஏற்றத்தையும் இந்தக் கணக்கு பிரித்துப் பார்ப்பதில்லை. அவர் ஏற்றத்துக்கும் ஓர் எண் போட்டுக்கொள்வது நல்லது.

உயர அளவுகளுக்கு 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் பதினொரு நாள் பறந்து எடுத்த ரேடார் அளவீடு ஓர் அடிப்படை. ஏறக்குறைய 90 மீட்டருக்கு ஒரு புள்ளி. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில், மேலடுக்கும் கீழடுக்கும் அடுத்தடுத்த புள்ளிகளுக்குள் நெருங்கிவிடலாம். அப்போது இல்லாத குழியும் மேடும் கணக்கில் முளைக்கும். இதற்காகவே சில மீட்டர் ஏற்றத்தாழ்வுகளை உடனே எண்ணாமல் தாங்கி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு பிரௌட்டரில் இருக்கிறது.

இந்த விதிகள் யாவும் ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதப்பட்டிருக்கின்றன. யாரும் திறந்து திருத்தலாம். அதில், போலந்துத் தர்க்கவியலாளர் யான் வுகாசியேவிச் 1920-களில் வகுத்த குறியீட்டு முறைப்படி, செயலைச் சொல்லும் குறி முதலிலும் அது செயல்படும் பொருள்கள் பின்னாலும் வரும். வினையைக் கடைசியில் வைத்தே பேசிப் பழகியவர்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். அசல் கோப்பை நகலெடுத்து, வேறு பெயரிட்டு, ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்றிப் பார்ப்பதே சரியான முறை.

ஆனால் எண்களை எவ்வளவு செதுக்கினாலும் தரவு ஊமையாக இருந்தால் பயனில்லை. பிரௌட்டருக்குச் சாலைத் தரவு தரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் நம் கிராமச் சாலைகள் பல, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்த வெறும் கோடுகள். தாரா மண்ணா என்ற குறிப்பு இருக்காது. குறிப்பில்லாத சாலையை மண்சாலை என்று பிரௌட்டரின் பொது விதி கொள்வதில்லை. சாலைத் தளத்தைப் பரவலாகக் குறித்துவைத்திருக்கும் ஜெர்மனியில் இது நியாயம். இங்கே மழைக்காலத்தில் சேற்றில் கொண்டுபோய் நிறுத்தும். இதற்கு மருந்து ஒன்றுதான்: போன சாலையின் தளம் எது என்பதை நாமே பதிவது. ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற ஆண்ட்ராய்டு செயலி, நிற்கும் இடத்திலேயே அந்தக் கேள்வியைக் கேட்டு விடையைச் சேர்த்துவிடும். டீக்கடையில் நிற்கும் நேரம் போதும்.

பதிந்த அன்றே வழி மாறாது. திருத்திய வரைபடத்திலிருந்து கட்டக் கோப்புகள் புதிதாகத் தயாராக வேண்டும். அவற்றை நாம் மறுபடி இறக்கிக்கொள்ள வேண்டும். நெடும்பயணம் கிளம்புகிறவர்கள், வீட்டு இணையம் இருக்கும்போதே கட்டங்களைப் புதுப்பித்து, கைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றி, வழி வருகிறதா என்று ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.