காதை மூடிக்கொண்டு பாடுங்கள்!

பீரோவில் தொங்கும் புடவைகளுக்கு நடுவே மைக்கை நிறுத்தி கவர் சாங் பாடுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேராகிவிட்டார்கள். இதில் கேலிக்கு இடமில்லை. ஹெட்போனே வீட்டில் பிறந்த சாமான்தான். 1910-ல் அமெரிக்காவின் யூட்டாவில் நத்தேனியல் பால்ட்வின் என்பவர் தன் சமையலறையில் உட்கார்ந்து செய்ததைத்தான் அந்நாட்டுக் கடற்படை விலை கொடுத்து வாங்கியது. ஆனால் மைக் வாங்க மூன்று மாதம் ஆராய்ச்சி செய்கிற வீட்டுப் பாடகர்கள், ஹெட்போனை மட்டும் மூன்று நிமிடத்தில் வாங்கிவிடுகிறார்கள். இந்த வாரக் கேள்விகள் எல்லாம் அந்த மூன்று நிமிடத்தின் விளைவு.

கே: கேட்பதற்கு சுகமாக இருக்கும் என்று ஓபன் பேக் ஹெட்போன் வாங்கினேன். பாடியதைப் போட்டுக் கேட்டால், என் குரலுக்குப் பின்னால் கொசு ரீங்காரம் மாதிரி மொத்த ஆர்கெஸ்ட்ராவும் கேட்கிறது. மைக் பழுதா?
— மாடி அறைப் பாடகர், மதுரை

ப: மைக் பழுதில்லை, காது கூர்மை, அவ்வளவுதான். ஓபன் பேக் என்றால் முதுகுப்பக்கம் திறந்தது. 1968-ல் ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனி எச்டி 414 என்று மஞ்சள் ஸ்பாஞ்சு ஒட்டிய ஒன்றைக் கொண்டுவந்ததிலிருந்து உலகம் அந்தக் காற்றோட்டமான சத்தத்துக்கு மயங்கித்தான் கிடக்கிறது. சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கேட்க அதைப் போல வேறில்லை. ஆனால் காதுக்குள் போகிற இசை, வெளியேயும் அதே தாராளத்தோடு போகும். வாய்க்கு ஒரு சாண் தள்ளி நிற்கிற மைக் அதை விடுமா?

இசை கசிந்தாலாவது குரலோடு கலந்து ஒளிந்துகொள்ளும். தாளத்துக்காகப் போட்டுக்கொள்ளும் கிளிக் கசிந்தால் ஒளிய இடமே கிடையாது. சரணம் தொடங்கும் முன் பாடகர் மூச்சு வாங்கும் அந்த அழகான மௌனத்தில் ‘டிக் டிக்’ என்று பல்லி சகுனம் சொல்லும். மிக்ஸிங்கில் கம்ப்ரஸர் போட்டால் சின்னச் சத்தங்களெல்லாம் மேலே ஏறி வரும். பல்லி அப்போது உடும்பாகிவிடும்.

பாடுவதற்கு வேண்டியது முதுகு மூடிய க்ளோஸ்டு பேக். கசிவைச் சோதிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு: வழக்கமான சத்தத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மைக் முன்னால் வாயைத் திறக்காமல் அரை நிமிடம் நின்று, அந்த மௌனத்தை ரெக்கார்ட் செய்து கேட்பது. மதுரைக்காரர் அந்த ஓபன் பேக்கை விற்கவும் வேண்டாம். பாடி முடித்த பிறகு மிக்ஸ் செய்ய அதுதான் நல்லது.

கே: பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் தாங்கவில்லை. நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வாங்கினால் ரெக்கார்டிங்கில் மிக்ஸி வராதுதானே?
— சட்னி நேரத்துச் சங்கீதக்காரர்

ப: காதுக்கு வராது. மைக்குக்கு வரும்.

கே: என்னிடம் பத்தாயிரம் ரூபாய் ப்ளூடூத் ஹெட்போன் இருக்கிறது. அதை மாட்டிக்கொண்டு பாடினால் என் நாக்கே எனக்குக் குழறுகிறது. பாட்டு வாத்தியாரோ ‘சாதகம் போதாது’ என்கிறார்.
— தாளம் தப்பியவர், திருச்சி

ப: இந்த ஒரு விஷயத்தில் வாத்தியார் தப்பு. ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரித்து, காதுக்குக் கொடுப்பதற்குள் சாதாரணமாக 200 மில்லிசெகண்டை ஒட்டிய தாமதம் ஆகிவிடும். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். கணக்குப் போட்டால், திருச்சிக்காரர் தன் குரலை 68 மீட்டருக்கு அப்பால், தெருமுனையில் நின்று பாடுகிற இன்னொருவர் குரலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எவருக்குத்தான் தாளம் நிற்கும்?

நாக்கு குழறுவதற்கும் பழைய சான்று இருக்கிறது. 1950-ல் பெர்னார்ட் லீ என்ற அமெரிக்கர், பேசுகிறவரின் குரலையே சிறிது தாமதித்து அவர் காதில் போட்டால் நல்ல பேச்சாளரும் திக்குவார் என்று எழுதினார். பின்னால் சோதித்தவர்கள், பேச்சை மிக மோசமாகக் குலைக்கும் தாமதம் ஏறத்தாழ 200 மில்லிசெகண்ட் என்று கண்டார்கள். ப்ளூடூத்காரர்கள் தெரியாத்தனமாக அதே எண்ணில் வந்து நிற்கிறார்கள்.

ஆகவே வயர். வயர் போட்டும் தாமதம் தெரிந்தால் குற்றவாளி கம்ப்யூட்டரின் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் வைத்திருந்தால் அந்த ஒரு இடத்திலேயே 21 மில்லிசெகண்ட் போய்விடும். 128-க்கு இறக்கினால் மூன்றுக்கும் கீழே. ஆடியோ இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பட்டனோ திருகோ இருந்தால் இந்த வம்பே இல்லை. குரல் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பாமல் நேரே காதுக்கு வரும்.

கே: சரி, எதை வாங்குவது? கையில் ஐயாயிரம்தான் இருக்கிறது. வீட்டில் சொன்னது மூவாயிரம்.
— உண்மை விளம்பி, ஈரோடு

ப: இரண்டாயிரம் ரூபாய் பொய்க்கு ஹெட்போன் பொறுப்பல்ல. ஐயாயிரத்துக்கு முன்பின்னான விலையில் ஆடியோ டெக்னிகாவின் ஏடிஎச்-எம்20எக்ஸ் கிடைக்கிறது. க்ளோஸ்டு பேக், 47 ஓம், லேப்டாப்பிலும் மரியாதையாகப் பாடும். வயரைக் கழற்ற முடியாது என்பதுதான் குறை. நாற்காலிச் சக்கரம் ஏறினால் வயரோடு ஹெட்போனும் போச்சு.

ஆறு மாதம் உண்டியல் போட முடிந்தால் சோனி எம்டிஆர்-7506. 1991-ல் வந்தது, இன்னும் அதே முகத்தோடு விற்கிறது. அழகு என்று சொல்ல அதில் ஒன்றும் கிடையாது. சுருள் வயர், நீலப் பட்டை, கொஞ்சம் கூர்மையான மேல்ஸ்தாயி. அந்தக் கூர்மைதான் ‘ச’வும் ‘ஷ’வும் சீறுவதையும், உதட்டின் எச்சில் சத்தத்தையும் ஒளிக்காமல் காட்டிக்கொடுக்கும். காது மெத்தை சில வருடத்தில் கறுப்புச் செதிலாக உதிரும். மாற்று மெத்தை தனியே வாங்கிக்கொள்ளலாம். மலிவு ஹெட்போன் பலவற்றில் இந்த வசதி கிடையாது. வாங்கும்போது எவரும் யோசிக்காத விஷயமும் இதுதான்.

மூவாயிரம்தான் உண்மை என்றால், ரப்பர் முனை வைத்த நல்ல வயர் இயர்போன் போதும். மேடைப் பாடகர்கள் காதில் செருகியிருப்பதும் இதன் பணக்கார அண்ணன்தான். காதை அடைக்கிற முனையானால் கசிவு மிகக் குறைவு. தன் குரல் மட்டும் மண்டைக்குள் பானைக்குள் பாடுவது போல முழங்கும், பழகிக்கொள்ள வேண்டும்.

கே: 250 ஓம் மாடல் 80 ஓம் மாடலைவிட மூன்று மடங்கு சக்தி வாய்ந்ததா?
— எண் ஜோதிடர், சேலம்

ப: தலைகீழ். ஓம் என்பது தடை. பேயர்டைனமிக்கின் டிடி 770 ப்ரோ இரண்டு விதமாகவும் வருகிறது. 250 ஓமைப் போனில் செருகினால் முனகும். அதைத் தட்டியெழுப்ப நல்ல ஆம்ப்ளிஃபயர் வேண்டும். வீட்டுக்கு 80-க்குள் இருப்பதே நிம்மதி.

கே: ஹெட்போன் சத்தத்தை முழுசாக வைத்தால்தான் எனக்குப் பாட்டு வருகிறது. ஆனால் சுருதி விலகுகிறது.
— உச்சஸ்தாயி, தஞ்சாவூர்

ப: ட்ராக் கத்தினால் பாடகரும் கத்துவார். 1911-ல் எத்தியென் லோம்பார் என்ற பிரெஞ்சுக் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் எழுதிவைத்தது இது: சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதன் அறியாமலே குரலை உயர்த்துகிறான். நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் போன் பேசுகிறவரைப் பார்த்தாலும் தெரியும். கத்துகிற தொண்டைக்கு கமகத்தின் நுணுக்கம் எங்கே வரும்?

செய்ய வேண்டியது, ட்ராக்கை இறக்கி, தன் குரலைக் கொஞ்சம் ஏற்றுவது. அப்படியும் ஆகவில்லையென்றால் ஒரு காதைத் திறந்து பாடலாம். பல பாடகர்கள் அப்படித்தான் பாடுகிறார்கள். ஆனால் திறந்த பக்கத்து ஸ்பீக்கர் மைக்கைப் பார்த்துக்கொண்டு பாடும். இசையை இடமோ வலமோ ஒதுக்கும் பேன் திருகை ஒரே பக்கம் தள்ளி, மூடிய காதுக்கு மட்டும் இசையை அனுப்பிவிட்டு, திறந்த பக்கத்தின் வாயை அடைத்துவிட வேண்டும்.

கே: மூடிய ஹெட்போன்தான். ஆனாலும் கசிகிறது. கூடவே கிணுகிணுவென்று ஒரு சத்தம்.
— பாட்டு டீச்சர், கும்பகோணம்

ப: கசிவுக்குக் காரணம் மூக்குக் கண்ணாடியாக இருக்கலாம்; அதன் கால் மெத்தைக்கும் தலைக்கும் நடுவே சந்து போட்டுவிடும். மெல்லிய கால் கொண்ட கண்ணாடி தேவலை. கிணுகிணு, ஜிமிக்கி. ரெக்கார்டிங் முடியும்வரை டீச்சர் அதைக் கழற்றி வைக்கலாம், வளையலோடு சேர்த்து.

கே: என் கணவர் க்ளோஸ்டு பேக் மாட்டிக்கொண்டு ராத்திரி பாடுகிறார். இசை அவருக்கு மட்டும் கேட்கிறது. எங்களுக்கு அவர் குரல் மட்டும், இசையே இல்லாமல். வழி உண்டா?
— தூக்கம் தொலைத்தவர், சென்னை

ப: சென்ஹைசர் எச்டி 280 ப்ரோ. வெளிச்சத்தத்தை 32 டெசிபல் வரை குறைக்கும் என்கிறது கம்பெனி. வாங்க வேண்டியது கணவருக்கு அல்ல.