பேயைப் பெற்றவளுக்கு வயது 18

கேள்வி: ‘ஃபிராங்கன்ஸ்டைன்’, ‘டிராகுலா’ போன்ற பழைய திகில் நாவல்களை இளையோருக்காகத் திருப்பி எழுதி விற்கிறார்கள். பிளஸ் டூ படிக்கும் என் மகளுக்கு அதுதான் வேண்டுமாம். மூலத்தைக் கெடுக்கும் வேலை அல்லவா இது?
- ஒரு வாசகர், கோலியனூர்

பதில்: 1816-இல் ஜெனீவா ஏரிக்கரை வீட்டில் மழைக்கு முடங்கிக் கிடந்தபோது, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் கவிஞர் பைரன். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எழுதத் தொடங்கிய மேரி ஷெல்லிக்கு அப்போது வயது 18. உங்கள் மகளின் அக்கா வயதுதான்! 1818-இல் அச்சேறியபோது முகப்பில் அவர் பெயர்கூட இல்லை. இளையவள் பெற்ற பூதத்தை இளையவர்கள் தொடக் கூடாதா?

அந்த நாவலில், பூதத்தைப் படைக்கும் விக்டருக்கு மனைவியாகப்போகும் எலிசபெத் கடிதம் எழுதுவாள், காத்திருப்பாள், கல்யாண இரவில் சாவாள். அவ்வளவுதான் அவள் பங்கு. 2018-இல் கியர்ஸ்டன் ஒயிட் அதே கதையை எலிசபெத்தின் பக்கம் நின்று எழுதினார். கெட்டது மூலம் அல்ல, விக்டரின் நல்ல பெயர்!

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பழைய வேதாளக் கதைகள் மொத்தமே 25. ‘அம்புலிமாமா’வில் அதே வேதாளம் பல பத்தாண்டுகள் புதுக்கதை சொன்னது; மூலப்பிரதி எங்கே என்று விக்கிரமாதித்தன் கேட்கவில்லை. உங்கள் விழுப்புரம் பக்கத்துப் பாரதக் கூத்தில் கட்டியங்காரன் துரியோதனனையே கிண்டலடிப்பான். வியாசர் வழக்கா போட்டார்?

நாவலைப் பிழிந்து சக்கையாக்கிய சுருக்கப் பதிப்பு வேறு சரக்கு. அதை மட்டும் வாங்காதீர்கள். மகள் கேட்டதை வாங்கிக் கொடுங்கள். அவள் தூங்கியபின் நீங்களும் படியுங்கள், விளக்கைப் போட்டுக்கொண்டு!