லீவு லெட்டரும் க்யூஆர் கோடும்

கேள்வி: நாற்று நடவு, அம்மாவுக்குக் காய்ச்சல் என்று அடிக்கடி மட்டம் போடும் ஏழாம் வகுப்புப் பையனுக்கு ஆன்லைன் பாடம் கைகொடுக்குமா? (வாசகர், பாகூர்)

பதில்: கொடுக்கும். ஆனால் போன் கைக்கு வர வேண்டுமே! அது பகல் முழுக்க அப்பாவின் சட்டைப்பையில் வேலைக்குப் போயிருக்கும்.

புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் 2023-24 முதல் ஆறாம் வகுப்பிலிருந்தே சி.பி.எஸ்.இ. அதனால் 2019இல் தொடங்கிய தமிழ்நாட்டுக் கல்வித் தொலைக்காட்சி, பக்கத்து வீட்டுச் சாம்பார் மாதிரி: மணக்கும், நம் இலையில் விழாது. என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்திலுள்ள க்யூஆர் கட்டத்தை தீக்‌ஷா செயலியில் காட்டினால் பாடத்துக்கான வீடியோ வரும். இரவு அப்பா திரும்பியதும் டவுன்லோடு செய்துகொண்டால் நெட் இல்லாமலும் ஓடும்.

மறுநாள் டீச்சர் "பார்த்தியா?" என்பார். "சார்ஜ் இல்ல மிஸ்" என்பான் பையன். வயிற்றுவலியின் திருத்திய பதிப்பு!