எரியும் வரை பேசாதீர்கள்

கே: பிளஸ் டூவில் வரலாறு படித்தவள் நான். ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். அறிவியல் பாடம் எடுக்கப் பயமாக இருக்கிறது. (மாணவி, தேனி)

ப: அறிவியல் படித்தவர்களும் தடுமாறுகிற இடம்தான் அது. 1987-ல் வந்த 'எ பிரைவேட் யுனிவர்ஸ்' படத்தில், ஹார்வர்டில் அன்றுதான் பட்டம் வாங்கியவர்களிடம் கோடை ஏன் வருகிறது என்று கேட்டார்கள். பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால் என்றார்கள் பலர். பூமி மிகப் பக்கத்தில் போவது ஜனவரி தொடக்கத்தில். நமக்கு அப்போது மார்கழிப் பனி!

கே: சார்ட் வரைந்தே இரண்டு வருடமும் போய்விடுகிறதே? (மாணவர், கரூர்)

ப: சார்ட்டில் வரைந்த விதை முளைக்காது. ஈரப் பஞ்சில் நாலு மொச்சை வையுங்கள். பாதியை வெயில்படும் ஜன்னலில், பாதியை இருட்டு அலமாரியில். எது முளைக்கும் என்று முதலில் எழுதிவைத்துவிட்டு, பிறகு பாருங்கள். இருட்டிலும் முளைக்கும். உங்கள் ஊகம் தப்பினால், நாளை வகுப்பில் ஒரு பிள்ளை ஏன் அப்படி நினைக்கிறது என்பது உங்களுக்குப் புரியும்.

கே: பயிற்சியில் எதை மாற்றலாம்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவாரூர்)

ப: 'எப்படிக் கற்பிப்பது' என்ற விரிவுரையைக் குறைத்து, கற்பிக்கப்போவதைச் செய்து பார்க்கவிட வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லிலியன் மெக்டெர்மட் ஆசிரியர்களுக்கு அப்படித்தான் இயற்பியல் கற்பித்தார். ஒரு செல், ஒரு டார்ச் பல்பு, ஒரே ஒரு ஒயர். எரிய வையுங்கள் என்பார். பல்பின் அடிக்குமிழ் ஒரு முனை, பக்கத்துத் தகரம் இன்னொரு முனை. இரண்டு வழியாகவும் சுற்று முடிந்தால்தான் எரியும். படித்தவர்கள்கூட இதில் திணறுவார்கள். அந்தத் திணறல் பயிற்சிக் காலத்திலேயே நடந்துவிட வேண்டும்.

கே: கருவி வாங்கப் பணம்? (வாசகர், அரியலூர்)

ப: அதிகம் தேவையில்லை. 1972-ல் மத்தியப் பிரதேசம் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டத்தில், பிள்ளைகள் செய்யவேண்டிய சோதனைகளை ஆசிரியர்களே முதலில் செய்து பழகினார்கள். எளிய பொம்மைகளால் அறிவியல் கற்பிக்கும் அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து வடிவங்கள் செய்யத் தொடங்கியது அங்கேதான். நல்ல திட்டம், 2002-ல் மாநில அரசே மூடிவிட்டது. பெரிய தவறு.

கே: பயிற்றுநர்களிடம் ஒன்று கேட்பதென்றால்? (வாசகி, நாமக்கல்)

ப: நாளைக்கே ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒரு செல், ஒரு பல்பு, ஒரு ஒயர் கொடுங்கள். எரியும் வரை பதிலைச் சொல்லிவிடாதீர்கள்.