தொட்டியைத் தொடாதவன்

காரைக்காலில் வீட்டுக்குள் மீன் தொட்டி வைத்திருப்பவனை ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். வாசலில் கூடையை இறக்கிய மீன்காரம்மா ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்தார். என் கப்பிகளையும் மோலிகளையும் கண்ணாலேயே நிறுத்தார். "ஏன்யா, இதை ஆஞ்சா முள்ளுகூடத் தேறாதே?" என்றார். அழகுக்கு வளர்க்கிறேன் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டார்.

மீன்காரம்மாவைச் சமாளித்துவிடலாம். என் உடம்பைத்தான் சமாளிக்க முடியவில்லை.

எனக்கு முடக்குவாதம். மருந்துச் சீட்டில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று கௌரவமாக எழுதியிருக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிற நோயாம். இதைக் கேட்டதும் வீட்டம்மா, "எனக்குன்னு வந்ததைக்கூட நீங்களே எடுத்துக்கிட்டீங்களா?" என்றாள். கயிலை மலையைத் தலையாலேயே நடந்து ஏறியவர் எங்கள் ஊர் அம்மையார். அதே ஊர்க்காரனான எனக்குக் காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் காலால் கொல்லைக்குப் போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறது.

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைப் போட்டுத் தாக்குகிற நோய் இது. புரியவில்லையென்றால் எங்கள் எல்லைப் பக்கம் வந்து பாருங்கள். காரைக்காலுக்கு ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. இங்கே சரக்கு மலிவு. சோதனைச் சாவடியில் பாட்டில் மூட்டைக்காரன் பறந்துவிடுவான். பேத்தி காதுகுத்துக்குச் சீர்த்தட்டோடு போகிற என்னை இறக்கி, ஆப்பிளை உருட்டிப் பார்ப்பார்கள். என் எதிர்ப்புச் சக்தியும் அந்த ரகம்தான். டாக்டர் கண்ட வழி, காவலர்களில் பாதிப் பேரை லீவில் அனுப்புவது. அந்த லீவு உத்தரவுக்குப் பெயர் மெத்தோட்ரெக்சேட்.

வாரத்துக்கு ஒருநாள் மட்டும் விழுங்க வேண்டிய மாத்திரை அது. தெரியாத்தனமாகத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கிழமை மறக்கக் கூடாதே என்று வீட்டம்மா சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தாள். திருநள்ளாறு போகிற வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொள்கிற நாளை யாரால் மறக்க முடியும்? ஊர் உலகமெல்லாம் சனீஸ்வரனுக்கு எள் விளக்கு ஏற்றுகிற நாளில் எனக்கு மாத்திரை. ஒன்றை மட்டும் இருவரும் யோசிக்கவில்லை. மாத்திரை போட்ட மறுநாள் எனக்குக் குமட்டும், மறுநாள் ஞாயிறு. தெரு முழுக்க வஞ்சிரம் பொரிகிற வாசனையில் நான் மட்டும் ரசஞ்சாதத் தட்டோடு தொட்டி முன்னால் உட்கார்ந்திருப்பேன். வாசனை அடிக்காத மீன் அது ஒன்றுதான்.

இந்த லட்சணத்தில் போன வருஷம் நடுவிரலில் ஒரு முடிச்சு கிளம்பியது. டாக்டர் அதை அமுக்கிப் பார்த்துக்கொண்டே, "வீட்டுல வளர்ப்புப் பிராணி ஏதாவது உண்டா?" என்றார். "இல்லீங்க சார்" என்றேன். மீனைப் போய் யார் பிராணி என்பார்கள்? பின்னாலிருந்து வீட்டம்மா, "மீன் தொட்டி இருக்கு டாக்டர். நாள் முழுக்க அதுக்குள்ளதான் கைய விட்டுக்கிட்டிருப்பாரு" என்றாள். டாக்டரின் பேனா நின்றது. வருஷக்கணக்கில் வைத்திருந்த புகாரை உரிய அதிகாரியிடம் சேர்த்துவிட்ட திருப்தி அவள் முகத்தில்.

அதன் பிறகு டாக்டர் சொன்னதில் பாதி எனக்கும் முழுவதும் அவளுக்கும் புரிந்தது. மைக்கோபாக்டீரியம் மெரினம் என்று ஒரு கிருமி. காசநோய்க் கிருமிக்குப் பங்காளி. 1926இல் அமெரிக்காவின் ஃபிலடெல்பியா மீன் காட்சியகத்தில் செத்த மீன்களில் ஆரன்சன் என்பவர் கண்டுபிடித்தது. நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. தோல் முழுசாக இருந்தால் பேசாமல் இருக்கும். சின்னக் கீறல் கிடைத்தால் நுழைந்துவிடும். 30 டிகிரி சூடுதான் அதற்குச் சுகம், உடம்புக்குள்ளே இருக்கிற 37 டிகிரி ஆகாது. அதனால் விரல், புறங்கை, முழங்கை என்று குளுமையான இடமாகப் பார்த்து உட்காரும். சில வாரம் கழித்துத்தான் முடிச்சு தெரியும். அதற்குள் எந்தக் கீறல் என்பதே நமக்கு மறந்திருக்கும். பிறகு முடிச்சு முடிச்சாகக் கையில் மேலே ஏறும். மாசக்கணக்கில் மாத்திரை தின்ன வேண்டும். காவலை லீவில் அனுப்பிய என்னைப் போன்றவனுக்கு எலும்பு மூட்டு வரைக்கும் போகவும் கூடும். வம்பு என்னவென்றால், பார்வைக்கு முடக்குவாத வீக்கம் போலவே இருக்கும். வாதம்தான் என்று நினைத்து ஸ்டீராய்டு ஊசி போட்டால் கிருமிக்குக் கொண்டாட்டம். "எந்த டாக்டர்கிட்ட போனாலும் மீன் தொட்டி இருக்குன்னு முதல்ல சொல்லுங்க" என்றார். என்னைப் பார்த்து அல்ல, அவளைப் பார்த்து.

துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்தக் கிருமி ஆய்வகத்திலும் அவசரப்படாதாம், வாரக்கணக்கில் காத்திருந்தோம். கடைசியில் கிருமி இல்லை, அது என் சொந்த வாத முடிச்சுதான் என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் வீட்டில் சட்டம் அமலுக்கு வந்துவிட்டிருந்தது.

முதல் சட்டம், தோள்வரை கையுறை. கடை கடையாக அலைந்து கடைசியில் கால்நடை மருந்துக் கடையில் கிடைத்தது. மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வார்களே, அதேதான். அதை மாட்டிக்கொண்டு தொட்டி முன்னால் நின்றபோது அடுத்த வீட்டு அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். "தம்பி, நம்ம வீட்டுல மாடு இல்லையே?" என்றார். அவர் பார்வை கையுறைக்கும் கப்பிகளுக்குமாகப் போய்ப் போய் வந்தது. மேற்கொண்டு அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விளக்கியிருப்பேன்.

அந்த மெல்லிசு பிளாஸ்டிக் கிழிந்துபோகவே, பாரிஸ் மச்சான் (காரைக்காலில் முக்கால்வாசிப் பேருக்குப் பாரிஸில் ஒரு மச்சான் உண்டு) தடித்த ரப்பர் கையுறை அனுப்பினார். மாட்டிவிடலாம். கழற்றத்தான் வராது, வீங்கின மூட்டு உள்ளே சிக்கிக்கொள்ளும். நான் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, வீட்டம்மா விரல் விரலாக இழுப்பாள். சம்பந்தி வீட்டார் அந்த நேரம் பார்த்துத்தான் வருவார்கள்.

குழாயை வாயால் உறிஞ்சித் தொட்டித் தண்ணீரை இறக்குவது என் பழைய வித்தை. தண்ணீர் வருவதற்குச் சரியாக ஒரு கணம் முன்னால் வாயை எடுத்துவிட வேண்டும். நான் எடுத்ததே இல்லை. அதுவும் தடை. தொட்டிச் சாமானை அடுப்படி சிங்க்கில் கழுவத் தடை. கையில் கீறல் இருந்தால் கையுறையோடும் கிட்டப் போகத் தடை. கொல்லையில் எலுமிச்சை பறித்துவிட்டு வந்தால் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். தொட்டிக்கென்று தனி வாளி, அதில் சிவப்புப் பெயின்டில் 'மீன்' என்று எழுதியிருந்தாள். பேரன் அதன் கீழே 'தாத்தா' என்று சேர்த்துவிட்டான்.

இப்போது தண்ணீர் மாற்றுவதெல்லாம் அவள்தான். வாரம் கால் தொட்டி. எங்கள் தெரு போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. மோலிக்கு அந்த உப்புத் தண்ணீர்தான் அமிர்தம், குட்டி போட்டுத் தள்ளுகிறது. "இந்தச் சனியனை ஆத்துல கொண்டு விடுங்க" என்று சொன்னவள் இன்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவள் நிழல் விழுந்தால் மொத்தக் கூட்டமும் கண்ணாடிக்கு ஓடி வருகிறது. நான் போனால் பாசிக்குப் பின்னால் ஒளிகிறது. எனக்கு மிச்சம் இரை போடும் உரிமை, அதுவும் ஸ்பூனால்.

போன வாரம், இடம் பத்தவில்லை, நாலடித் தொட்டி வேண்டும் என்றாள். தொட்டியைத் தொட முடியாதவனிடம் ஏன் கேட்கிறாய் என்றேன்.

"நீங்க தொட வேணாம். பணம் மட்டும் குடுங்க."

எண்ணிக் கொடுத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னாள்: "நோட்டைத் தொட்டீங்கல்ல, போய்க் கைய சோப்புப் போட்டுக் கழுவுங்க."