மதில் ஏறிக் குதித்த தம்பி

கேள்வி: குடிநோய் சிகிச்சை மையத்தில் சேர்த்த பத்தாம் நாளே என் தம்பி மதில் ஏறிக் குதித்து ஓடிவந்துவிட்டான். அவனுக்கு மனஉறுதியே இல்லையா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: தம்பிக்குத் தீர்ப்பு எழுதுமுன் அவர் படுத்திருந்த அறையைப் போய்ப் பாருங்கள். குடியை நிறுத்திய தொடக்க நாட்களில் கை நடுங்கும், தூக்கம் வராது. அதோடு மூட்டைப்பூச்சியும் அதட்டலும் சேர்ந்தால் எந்த உறுதிக்காரரும் மதிலைத்தான் பார்ப்பார். சுத்தமான இடம், அந்தரங்கம், பொழுதுபோக்கு வசதி, சொந்த உடை, கட்டாய மொட்டை கூடாது – இத்தனையும் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு தரும் உரிமைகள், மதுநோயாளிக்கும் உண்டு. நோயாளியை மதிக்கும் மையங்களும் உண்டு: குடிநோய் சிகிச்சைக்காக சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை குடும்பத்தாரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்கிறது. அடுத்த மையத்தில் கட்டணத்தை விசாரிக்கும்போதே கழிவறையையும் எட்டிப் பாருங்கள். தம்பியையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள், தங்கப்போகிறவர் அவர்தானே!