இடுப்பு ரெண்டு இஞ்சு எங்கலே போச்சு?

வாலே பேராண்டி, உக்காரு. பேண்ட்டப் பிடிச்சுத் தைக்கணுமாக்கும்? தைக்கலாம். அதுக்கு முன்னாடி இந்த அளவு நோட்டைப் பாரு. போன பொங்கலுக்கு உன் இடுப்பு 32. இப்ப டேப்பு 30-ல வந்து நிக்கி. மெட்ராஸ்ல ஜிம்முல சேந்தியான்னு கேட்டா இல்லேங்க. சோத்தைக் கொறச்சியான்னா அதுவும் இல்லேங்க. "தானாக் கொறஞ்சிருச்சு தாத்தா"ன்னு பல்லைக் காட்டுத. எவளாச்சும் "ஹீரோ மாதிரி ஆயிட்டீங்க"ன்னு சொல்லிருப்பா, அந்தக் கெறக்கம் இன்னும் தெளியல. ஏலே, உன் பேங்கு கணக்குல பணம் தானாக் கொறஞ்சா இப்பிடிச் சிரிச்சுக்கிட்டா நிப்ப? மேனேஜர் சட்டையப் பிடிச்சிர மாட்ட?

ஊருக்காரங்க உன் வியாதியக் கண்டுபிடிச்சு முடிச்சாச்சு. மேலத்தெருவுல காதல் தோல்விங்காக. டீக்கடையில மெட்ராஸ் தண்ணிங்காக. உங்கம்மா கண்ணேறுன்னு உப்பு மொளகா சுத்திப் போட்டா. போடட்டும், நானும் வேண்டாங்கல. ஆனா மொளகாய்க்கு ரத்தத்துல சர்க்கரை எவ்வளவுன்னு பாக்கத் தெரியாதுலா?

டாக்டர்மாருக்கு ஒரு கணக்கு இருக்கு. நீயா முயற்சி பண்ணாம, ஆறு மாசம் ஒரு வருசத்துக்குள்ள நூத்துக்கு 5 பங்கு எடை இறங்குனா அதை என்னன்னு பாக்கணும். 60 கிலோ ஆளுன்னா 3 கிலோ. நீ பெல்ட்டுல புது ஓட்டை போட்டுருக்கியே, ஆணி வச்சா குத்துன? அந்த ஓட்டையே சாட்சி.

ராத்திரி எத்தன வாட்டி எந்திரிச்சு ஒண்ணுக்குப் போற? தண்ணிப் பானையக் காலி பண்ணிட்டு மறுபடி தாகங்கியா? சர்க்கரை கெழடுகளோட சொத்துன்னு நெனைக்காத. இளவட்டங்களுக்கு வாற ஒரு வகை இருக்கு. கணையம் இன்சுலினச் சுரக்காமக் கைவிட்ரும். தின்ன சோறு ரத்தத்துல சர்க்கரையாச் சுத்திட்டு மூத்திரத்துல போயிரும். ஒடம்பு பசி தாங்காம தன் கொழுப்பையும் சதையையும் தானே தின்னும். 1922 சனவரியில கனடாவுல டொரண்டோ ஊர்ல லியோனார்ட் தாம்சன்னு ஒரு பய, 14 வயசு, எடை 30 கிலோகூடத் தேறாது. அவனுக்குத்தான் மனுசருலயே முதல்ல இன்சுலின் ஊசி போட்டாங்க. சாகக் கெடந்தவன் எந்திரிச்சு இன்னும் பதிமூணு வருசம் இருந்தான். இன்னைக்கு அந்த ஊசி நம்ம தாலுக்கா ஆஸ்பத்திரியில கெடைக்கு. நீ என்னடான்னா பேண்ட்டப் பிடிக்க வந்திருக்க. இந்த இளைப்போட வாந்தி, வயித்துவலி, மேல்மூச்சு, வாயில பழம் அழுகுன வாடைன்னு சேந்துச்சுன்னா நாளைக்குப் போவோம்னு படுக்காத, அப்பமே ஓடு.

சரி, இந்தா ஊசி. நூலைக் கோரு பாப்போம். ம்... ஊசிக் காதச் சுத்தி நூலு பரதநாட்டியம் ஆடுதே! பசி நல்லா இருக்கு, நாலாளு சோறு திங்க, அப்பவும் எளைக்க; நெஞ்சு படபடங்கு, மார்கழியிலகூட ஃபேனுக்கடியில வேக்குது, கை நடுங்குதுன்னா தைராய்டு கூடிப்போயிருக்கலாம். கழுத்துல இருக்க சின்னச் சுரப்பிதான், ஆனா ஒடம்பையே ஓட ஓட வெரட்டும். ஒரு ரத்தச் சோதனையில தெரிஞ்சிரும், மாத்திரையும் இருக்கு. ராத்திரி பூரா காப்பி குடிச்சாலும் கை நடுங்கும், அதையும் ஒளிக்காமச் சொல்லு.

அடுத்தது பேரைச் சொன்னாலே உங்கம்மா வாயப் பொத்துவா. டிபி. இருமல் ரெண்டு வாரந் தாண்டுனா, சாயங்காலமானா காய்ச்சல் எட்டிப் பாத்தா, ராத்திரி வேர்வையில பனியன் நனைஞ்சா, சளியக் குடுத்துப் பாத்துரணும். உலகத்துல உள்ள டிபி நோயாளிகள்ல நாலுல ஒருத்தரு நம்ம நாட்டுக்காரரு, அதனால நம்ம வீட்டுக்கு வராதுன்னு மீசைய முறுக்காத. இருமலே இல்லாம நெறிகட்டுலயும் கொடல்லயும் கூட ஒளிஞ்சிருக்கும். முன்னயெல்லாம் தாம்பரம் சானடோரியத்துல கொண்டுபோயிப் படுக்க வப்பாங்க. 1956-ல மெட்ராஸ்ல ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க. சானடோரியத்துல பாதிப் பேரு, வீட்டுல பாதிப் பேருன்னு வச்சு மருந்து குடுத்துப் பாத்தாங்க. வீட்டுல பாயில படுத்து மாத்திர தின்னவனும் அதே மாதிரி கொணமானான். அதப் பாத்துத்தான் ஒலகமே நோயாளிய வீட்டுக்கு அனுப்பத் துணிஞ்சது. இப்ப சர்க்கார்ல மருந்து சும்மா. பெரும்பாலும் ஆறு மாசம். சத்தா சாப்பிட மாசம் 1000 ரூவாயும் தாராங்க. வெக்கப்பட்டு ஒளிச்சு வைக்கவன்தான் வீட்டுக்கே பரப்புதான்.

அதுக்காக, எளைச்சவனெல்லாம் டிபிதான்னு முத்திரை குத்திராத. கணக்குப்புலி ராமானுஜன் சீமையில இருந்து எலும்பும் தோலுமா வந்து 1920-ல கண்ண மூடுனாரு, வயசு 32. டிபின்னுதான் வைத்தியம் பாத்தாங்க. 1994-ல ஒரு டாக்டரு பழைய குறிப்பையெல்லாம் பெரட்டிப் பாத்துட்டு, அது ஈரல்ல வந்த அமீபாவா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு எழுதுனாரு. அம்புட்டுப் பெரிய டாக்டர்மாருக்கே அப்பிடின்னா, நம்ம டீக்கடை மருத்துவக் கழகத்தை எங்க கொண்டு சேக்க?

காலருக்கு அளவெடுக்கயில கழுத்துல வலியில்லாத நெறிகட்டு கையில தட்டுச்சுன்னா எனக்கே நெஞ்சு பக்குங்கும். டிபியாவும் இருக்கலாம், ரத்தம் சம்பந்தப்பட்ட புத்துநோயாவும் இருக்கலாம். அந்தப் புத்துல இளவட்டங்களுக்கு வாற சில வகை நல்லாவே கொணமாகும், சீக்கிரம் போனா. மாசக்கணக்கா வயித்தால போகுது, ரத்தங் கலந்து போகுதுன்னா பூச்சி மாத்திரையோட தப்பிச்சிரலாம்னு பாக்காத, கொடலப் பாக்கணும். எச்ஐவியாலயும் எளைக்கலாம்; அந்தச் சோதனைக்கு ஆஸ்பத்திரியில நம்பிக்கை மையம்னு தனி அறை இருக்கு. காசு கெடையாது, வெளிய மூச்சு விட மாட்டாங்க.

இன்னொண்ணு டேப்புல தெரியாது. லூசா தைங்க, லூசா தைங்கன்னு சில பிள்ளைக வந்து நிக்கும். குண்டா இருக்கோம்னு பட்டினி கெடந்து, கரைஞ்ச ஒடம்ப மூட வந்திருக்கும். பொம்பளப் பிள்ளைகதான்னு இல்ல, பயலுகளும் உண்டு. சிலருக்கு மனசு செத்துப்போயி சோத்தப் பாத்தாலே பிடிக்காது. அவங்களப் பாத்து நான் கேலி பேச மாட்டேன். டாக்டர்கிட்ட சொல்லத்தான் சொல்லுவேன். நீ அந்தக் கூட்டமாலே? ராத்திரி டூட்டி, காலையில தூக்கம், மத்தியானம் டீயும் பிஸ்கட்டும்னா எளைக்க வியாதியே வேண்டாம். அதையும் முதல்ல சொல்லிரு.

அந்த டப்பாவ எதுக்குக் கொண்டாந்த? பத்து நாள்ல எடை ஏத்துற பவுடரா? தூரப் போடு. அதுகள்ல சிலதுல ஸ்டீராய்டு கலந்து விக்காங்க. மொகம் பூசணிக்கா மாதிரி ஊதும், உள்ள உள்ள வியாதி மறைஞ்சுக்கிடும். டாக்டர்கிட்டப் போகும்போது நீ திங்கற மாத்திர அட்டையெல்லாம் கொண்டு போ, சில மாத்திரையே எளைக்க வைக்கும். எல்லாச் சோதனையும் சுத்தம்னு வாறதும் உண்டு. அப்பவும் மாசாமாசம் எடையப் பாத்துக்கிட்டே இரு. இன்னும் இறங்குனா மறுபடி போயி நில்லு.

திங்கக்கெழமை ஆறேகால் பஸ்ஸுல ஆஸ்பத்திரிக்குப் போவம், வெறும் வயித்தோட வா. நானும் வாறேன்லே. எனக்கும் சர்க்கரை பாத்து வருசமாச்சு, தனியாக் கெளம்புனா உங்க ஆச்சி நான் அல்வாக் கடைக்குத்தான் போறேன்னு நெனைப்பா.